நான்காவது பெயருக்கு வந்த பதில்

என் பெயர் அழகுமலை. வயது 59. தகப்பனார் பெயர் அண்ணாமலை. புதுக்கோட்டை மாவட்டம், குன்றாண்டார்கோவிலில் குடியிருக்கிறேன். நாளிதழ் செய்தியாளர். துறைமுகத்தில் ஜீப் கண்ணாடி உடைந்த வழக்கில் நேரில் பார்த்த சாட்சியாக இதைச் சொல்கிறேன்.

இன்று காலை வரை உறுதியானது இது: கோட்டைப்பட்டினம் கரையில் ஒதுங்கிய ஆண் உடலை அடையாளம் காண, இந்த வழக்கில் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருக்கும் மாணவர் கவியரசனிடம் நேற்று ரத்த மாதிரி எடுக்கப்பட்டது. உடற்கூறாய்வு செய்த அரசு மருத்துவர் இதை என்னிடம் நேரில் தெரிவித்தார். அந்த உடல் கவியரசனின் தகப்பனார் ராக்கனுடையதா என்பது இன்னும் தெரியவில்லை.

கவியரசன் ஜெகதாப்பட்டினத்துக்காரர், முதுகலைத் தமிழ் படிக்கிறார். சென்ற மாதம் அவருடைய கல்லூரியில் நடந்த கருத்தரங்கில், ராப் பாட்டைப் பேச்சுக்கலையாக ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். செய்தி சேகரிக்க நானும் போயிருந்தேன். ராப் பாடுகிறவர் ஊராரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், கேள்வி கேட்கிறார், பதிலுக்குக் கொஞ்சம் இடம் விடுகிறார், அந்த இடத்தில் கேட்பவர் வாய் திறக்கும்போதுதான் அது ஒருவருடைய பாட்டு என்பது போய் ஊருடைய பேச்சாகிறது என்று விளக்கினார். அதன் பின்பு பேராசிரியர் பிரகதீஸ்வரி, "ஏம்ப்பா, பதிலே வரலைன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். "வர்ற வரைக்கும் பீட்டு ஓடும் மேடம்" என்றார் கவியரசன். அரங்கு சிரித்தது.

அதன் பின்பு, அடுத்த வாரம், ராக்கனும் இன்னும் மூவரும் போன விசைப்படகு சூறைக்காற்றில் கவிழ்ந்தது. மூவரை வேறு படகுக்காரர்கள் மீட்டார்கள். ராக்கன் கிடைக்கவில்லை. தேடுதலைத் தொடரச் சொல்லி மீனவக் குடும்பங்கள் துறைமுகத்தில் கூடின. மனு வாங்க மீன்வளத் துறை அலுவலர் ஜீப்பில் வந்து, இறங்கி, கூட்டத்தோடு நின்றிருந்தார். நான் ஓர் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று கைபேசியில் படம் எடுத்தேன்.

அதன் பின்பு கவியரசன் மைக்கை வாங்கினார். பக்கத்தில் இருந்தவர் பிளாஸ்டிக் மீன் கூடையைத் தட்டித் தாளம் போட, கவியரசன் பாடியது என் பதிவில் உள்ளபடி:

"நாலு பேரு போன படகு நடுக்கடல்ல கவுந்துச்சு,
நாங்க போட்ட சத்தம் மட்டும் நடுரோட்டுல கெடந்துச்சு,
பேரு சொன்னா கொரல் குடு."

பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பதுபோல் பெயர்களை அழைத்தார். முதல் பெயர் கண்ணுசாமி. மீட்கப்பட்ட கண்ணுசாமி கூட்டத்திலிருந்து கை தூக்கி, "உள்ளேன் சார்" என்றார். "பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஆளு, உள்ளேங்கிறதப் பாரு" என்று ஒரு பெண் சொல்ல, சிரிப்பு எழுந்தது. மீட்கப்பட்ட மற்ற இருவரான அழகு, அருண் ஆகியோரும் அதேபோல் குரல் கொடுத்தார்கள். அதன் பின்பு, "ராக்கன்" என்றார். கூடைத் தாளம் மட்டும் ஓடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கவியரசனின் தாயார் மூக்காயி எழுந்தார். கவியரசன் போய் மைக்கை அவர் வாயருகே பிடித்தார். மூக்காயி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒங்க அப்பா இன்னும் வரலய்யா. வந்தா சொல்றேன்" என்றார். கூடை தட்டியவர் நிறுத்திவிட்டார்.

அதன் பின்புதான் ஜீப் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. கல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. எறிந்தவரை நான் பார்க்கவில்லை.

கவியரசன் மைக்கில் "அடிங்கடா" என்று கத்தியதாக அவர் மீதான புகாரில் உள்ளது. பதிலுக்கு இடம் விடுவது பற்றிய அவருடைய கட்டுரை வரியைக் காட்டி, பாட்டை இடையில் நிறுத்தியது கல்லெறியக் கொடுத்த சைகை என்றும் புகார் சொல்கிறது. கண்ணாடி உடைந்தபோது மைக் மூக்காயி கையில் இருந்தது. கவியரசன் தாயாரின் தோளில் முகத்தை வைத்திருந்தார். "அடிங்கடா" என்ற சொல் என் பதிவில் எங்கும் இல்லை. வெட்டாத முழுப் பதிவையும் ஒப்படைக்கிறேன்.

நேற்று மருத்துவமனை வாசலில் மூக்காயியைச் சந்தித்தேன். "அவுகதான்னு சொல்லிட்டாலும் எம்புள்ள வராம நான் ஒடம்ப வாங்க மாட்டேங்க. அதையும் எழுதிக்கிருங்க" என்றார். எழுதிக்கொண்டேன். இங்கும் பதியக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பார்த்ததும் கேட்டதும் இவ்வளவே, பார்க்காத, கேட்காத எதையும் இதில் சேர்க்கவில்லை. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன். மரபணுச் சோதனை முடிவு வரும் திங்கட்கிழமை கிடைக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கவியரசனின் ஜாமீன் மனு அதற்கு அடுத்த வியாழக்கிழமைதான் விசாரணைக்கு வருகிறது.

(ஒப்பம்) அழகுமலை