இரட்டைச் சுழி

உங்கள் ஸ்டேஷன் வாசலில் தொண்டிப் பொருளாகக் கட்டிப் போட்டிருக்கிறீர்களே, அந்தச் செவலைப் பசுவை ஏலத்தில் யாரும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடது முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே, அதற்கு விலங்குச் சுழி இருக்கிறது. அப்படிப்பட்ட மாட்டை வைத்திருப்பவன் ஒருநாள் கம்பி எண்ணுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருடியவன் உள்ளேதான் இருக்கிறான் என்று கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஸ்ரீஜா மேடம், நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். "எல்லாம் எழுதணும், ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது கேட்டோ" என்றீர்கள். உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். யாரோ ஒருவர் இதை உங்களுக்காக மலையாளத்தில் மாற்றி எழுதப் போகிறார். அவருக்குச் சிரமம் தராமல் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பூபதிராஜா. வயது நாற்பத்தொன்பது. தென்னை, வாழை, பதினொரு மாடு. மாடு வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பல்லைப் பார்த்து வயதைச் சொல்ல எவனாலும் முடியும். மயிர் எந்த இடத்தில், எந்தப் பக்கமாகச் சுழிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த மாடு வீட்டுக்கு என்ன கொண்டுவரும் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். நான் சொன்னது இதுவரை தப்பியதில்லை. பெருமைக்காக இதை எழுதவில்லை. மற்றது புரிவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் கிருத்திகா எட்டு வருஷத்துக்கு முன்னால் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து நான்காம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். கனிவாகத்தான் சொன்னார். அந்த வாக்கியம் எனக்கு இன்றுவரை ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

அந்த வருஷம்தான் டாக்டர் சிவராமகிருஷ்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பாலக்காட்டுப் பழைய குடும்பத்துக்காரர், வெளிநாட்டில் வேலை பார்த்தவர். ஆனைகட்டிக்குப் போகிற வழியில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் செய்து வந்தார். நானும் என் மனைவி பிரதீபாவும் போனோம். எங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டாம், கிருத்திகாவேதான் வேண்டும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒங்க தோட்டத்துக்கு வாழைக்கன்னு லேபிலேர்ந்துதானே வாங்கறேள்?" என்று கேட்டார். "ஒரு தாயிலேர்ந்து ஆயிரம் கன்னு, அத்தனையும் ஒண்ணுபோல. அதே விஷயந்தான் இதுவும். ஆனா வெளியில மூச்சு விடப்படாது. சட்டம் சம்மதிக்காது."

இது எனக்கு உடனே விளங்கியது. என் தோட்டத்தில் எண்ணூறு திசு வாழை நிற்கிறது. டாக்டர் கிருத்திகாவின் உடம்பில் இருந்தது ஏதாவது வேண்டும் என்றார். பிறந்தபோது விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் போட்டு, மெழுகு வைத்து அடைத்து, குழந்தையின் இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் தாயத்தை நான் எரிக்க விடாமல் கழற்றி வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். காய்ந்துபோன கொடியில் என் மகள் முழுசாக இருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இல்லாவிட்டால் எதற்காக அதை இத்தனை தலைமுறையாகப் பத்திரப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வைத்தியத்தில் மறு வருஷம் பிரதீபா ஒரு பெண்ணைப் பெற்றெடுத்தாள். அதே மூக்கு, அதே காது. கிருத்திகா என்றே கூப்பிட்டோம். சுவரில் மாலை போட்டு வைத்திருந்த படத்தை எடுத்து பீரோவில் வைத்தேன். திதி கொடுப்பதை நிறுத்தினேன். வந்துவிட்டவளுக்கு எதற்குத் திதி. பிறந்தநாளைக்கூடப் பழைய தேதியிலேயே கொண்டாடினோம். அந்த மூன்று வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாம் வயதில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்தோம். என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். நாவிதர் சிரைத்துக்கொண்டே வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். என் கிருத்திகாவுக்கு உச்சியில் ஒரே சுழி, வலப்பக்கமாகச் சுற்றியது. அவளுக்கு மொட்டையடித்தபோதும் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள், எனக்குத் தெரியும். இவளுக்கு இரண்டு சுழி. இரண்டும் எதிரெதிராக.

"ரெட்டைச் சுழிங்க. ரெண்டு கண்ணாலம் பண்ணுவா போல" என்று பிரதீபா சிரித்தாள்.

மூக்கும் காதும் யாருக்கும் யார் போலவும் அமையும். சுழி பொய் சொல்லாது. என் மகளின் முகத்தை வைத்துக்கொண்டு வேறு யாரோ என் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டருக்கு அன்றைக்கே போன் செய்தேன். "சுழி மாறினா என்ன? அப்படியெல்லாம் வரும், கேட்டேளா, அதையெல்லாம் பாக்காதேள்" என்றார். வாழையிலும் அப்படித்தான். எண்ணூறில் இரண்டு மூன்று மாறி வரும். இலை ஒரு மாதிரி இருக்கும், தண்டு ஒரு மாதிரி இருக்கும். பிடுங்கி வரப்பில் போட்டுவிடுவோம். அதன் மேல் யாருக்கும் கோபம் கிடையாது.

அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டால் பயம். நாற்பது வயது தாண்டிய ஆம்பிளை, முரட்டுக் காளையின் கொம்பைப் பிடித்து நிறுத்துகிறவன், மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சாணி அள்ளிக்கொண்டிருப்பேன், சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பாள். திரும்பினால் செத்துப்போன என் மகள் நிற்பாள். சிரித்தால் அவள் சிரிப்பு. தலைமுடிக்குள் மட்டும் வேறு. கிருத்திகா எங்கே போனாள், அவள் இடத்துக்கு வந்த இது என்ன என்று என்னையே கேட்டுக்கொண்டு வேலை செய்வேன். அவளைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன். சோற்றுக்கு உட்காரும்போது பிரதீபாவை நடுவில் உட்கார வைப்பேன்.

ஐந்து வயதில் அவள் பீரோவைக் குடைந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். நெற்றியில் வைத்த குங்குமம் கண்ணாடியில் அப்படியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் மாட்டுத் தொழுவத்துக்கு வந்தாள்.

"ஏனுங்கப்பா, நான் எப்பங்க செத்தேன்?"

நான் வாளியைக் கையில் எடுத்தேன்.

"மறுக்கா சாவேனுங்களா?"

நான் வாளியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். பம்ப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். அவளும் பயந்துதான் கேட்டாள் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது என் பயம் மட்டும்தான் தெரிந்தது.

பிரதீபாவிடம் அன்று சுழியைப் பற்றிச் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"அவ வேற, இவ வேறங்க. எனக்கு இவ பொறந்த மூணாம் மாசமே தெரியும். பால் குடிக்கிற விதத்துலயே தெரியும். இருந்துட்டுப் போறா. ரெண்டும் என்ற புள்ளைங்கதான்."

"அப்ப கிருத்திகா எங்க?"

"செத்துப் போயிட்டாளுங்க. நீங்கதான் இன்னும் அழுவவே இல்லை."

இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஒருத்தியால் கீரை உருவ முடியும் என்று நான் நினைத்ததில்லை. அதற்குப் பிறகு அவளிடம் இதைப் பேசவில்லை.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். தாராபுரத்தில் பிரதீபாவின் அக்கா மகளுக்குக் கல்யாணம். பிள்ளைக்குப் பரீட்சை இருந்ததால் பிரதீபா மட்டும் திங்கட்கிழமை காலையில் கிளம்பினாள். அன்று மாலை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. அதே ஆறு வயது. செவ்வாய்க்கிழமை கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். கிருத்திகாவும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மூன்று வருஷமாக எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. இவள் கிருத்திகா என்றால், கிருத்திகாவுக்கு நடந்தது இவளுக்கும் நடக்கும். வேறு யாராவது என்றால் பிழைத்துக்கொள்வாள். பிழைத்தால் யாரோ ஒருத்தி என்று மனதைத் தேற்றிக்கொண்டு மேற்கொண்டு வளர்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன். டாக்டர் ஒன்று சொன்னார், பிரதீபா வேறொன்று சொன்னாள். இதைவிட நியாயமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

அவளைப் பட்டினி போட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். ஈரத்துணி போட்டேன். பிரதீபா தினமும் இரண்டு தடவை போன் செய்தாள். நன்றாக விளையாடுகிறாள், ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன்.

புதன்கிழமை நல்லமுத்து பால் கறக்க வந்தவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். பத்து வருஷமாக எங்களிடம் இருப்பவர். "ஏனுங்ணா, புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. ஆட்டோ கூட்டியாரட்டுங்களா?" என்றார்.

"காலைலயே காட்டியாச்சு. மாத்திரை குடுத்திருக்காங்க" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர், அதற்கு மேல் கேட்கவில்லை. பிறகு உங்களிடம் வந்து சொன்னவர் அவர்தான் என்று தெரியும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மாடுகளை அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை காலையில் அவள் கையில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. அவை என்ன என்று எனக்குத் தெரியும். வீட்டில் வேறு யாருமில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போகக் கால் வரவில்லை. அந்த அளவுக்குப் பயம். பதினொரு மணி இருக்கும், அவள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள்.

"இப்பத்தானுங்களாப்பா?"

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "பேசாமப் படு, அம்முணி" என்றேன். மொட்டையடித்த நாளுக்குப் பிறகு அவளை அம்முணி என்று கூப்பிட்டது அன்றுதான். அவள் சரி என்று தலையாட்டினாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. ஒரு மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது.

அப்போது நான் அழுதேன். கிருத்திகாவுக்கு நடந்ததே நடந்துவிட்டது, அப்படியானால் இவள் கிருத்திகாதான், சுழிதான் என்னை ஏமாற்றிவிட்டது என்று அழுதேன். பயம் போய்விட்டது. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் ஜீப்பில் வந்து இறங்கியபோதும் மடியில்தான் இருந்தாள்.

கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரி வண்டியில் பதினைந்து நிமிஷம். வண்டி வாசலில் நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு நாள் தாமதித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை. தெரிந்தேதான் கொண்டுபோகவில்லை. யாரும் அடித்து என்னை இதை எழுத வைக்கவில்லை.

நேற்று நீங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். டாக்டரின் அலமாரியில் அந்தத் தாயத்து மெழுகுகூட உடையாமல் கிடைத்ததாம். லேபில் அதைத் திறந்து இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஒருத்தி மற்றவளின் நகல் இல்லை. கூடப்பிறந்த அக்கா, தங்கை. எனக்கும் பிரதீபாவுக்கும் எல்லாரையும் போல உண்டான இரண்டாவது மகள். டாக்டர் சொன்னதையும் வாசித்தீர்கள். "மனுஷாளை அப்படிப் பண்ற வித்தை எங்கிட்ட கெடையாது. ஒரு கொழந்தை பொறந்தா துக்கம் ஆறிடும்னு நெனச்சேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை என்று கான்ஸ்டபிள் உங்களிடம் சொல்லியிருப்பார். யோசித்துக்கொண்டிருந்தேன். என் சொந்த மகள், யாருக்கும் நகலில்லாத ஒருத்தி, ஆறு வருஷம் என் வீட்டில் இருந்திருக்கிறாள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அக்காவுக்குப் பிடித்ததாகவே வாங்கிக் கொடுத்தேன்.

மேடம், ஒரே ஒரு வேண்டுகோள். பிரேதப் பரிசோதனையில் அவளிடமிருந்து எடுத்த தசையும் ரத்தமும் லேபில் இருக்கிறது என்றீர்கள். வழக்கு முடிந்ததும் அதை அழித்துவிடுவார்களாம். அழிக்க வேண்டாம் என்று எழுதிப் போடுங்கள். சிவராமகிருஷ்ணனுக்குத்தான் அந்த வித்தை தெரியவில்லை. உலகத்தில் எங்காவது தெரிந்த டாக்டர் இருப்பார், இல்லாவிட்டால் நான் வெளியே வருவதற்குள் வந்துவிடுவார். அவளைத் திரும்பக் கொண்டுவந்தால் இந்த முறை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன்.