கரைக்குள்ளிருந்து பேசிய குரல்

மேடையில் நம் மாதர் சங்கத் தலைவி கமர் ஜஹான் அவர்கள். முன் வரிசையில் மறைந்தவரின் கணவர் சவரிராயன் அவர்கள், மகள் அக்னஸ். தூணோரம் அமிர்தம் அக்கா. பின்னால் உறையூரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகள். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக் கணக்கை எழுதுகிறவள் நான். வந்தவர் பெயரைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு தொடங்காது. அனைவருக்கும் வணக்கம்.

மறைந்த எங்கள் பாட்டுத் தலைவி பாக்கியமேரி அவர்கள் பாடிய கதை உங்களுக்குத் தெரியும். காவிரி உடைத்த கரை நிற்க வேண்டுமென்று ஒரு பெண்ணை உள்ளே நிறுத்தி மண் போட்டுவிடுகிறார்கள். தாய் தேடி வருகிறாள். அமிர்தம் அக்கா தாயாகப் பாடுவார்:

"கொலுசுச் சத்தம் கேக்குதடி, மகளே எங்கே நிக்கிறே?"

முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பாக்கியமேரி அவர்கள் மகளாகப் பதில் சொல்வார்:

"கரைக்குள்ளே நிக்கிறேன் அம்மா, அடுப்பை அணைச்சியா?"

யார் பேசுகிறார்கள் என்று பாட்டு சொல்லாது. குரல்தான் சொல்லும். அந்தக் குரலில் அழுகை உண்டா? கோபம் உண்டா? இல்லை. கடைக்குப் போன பெண் வீட்டை விசாரிக்கிற மாதிரி இருக்கும். ஒருமுறை நான் அந்தப் பகுதியைப் பாடிப் பார்த்து அழுதுவிட்டேன். "ஏம்மா, செத்தவளுக்கு மூக்கு ஒழுகுமா? தொடைச்சிட்டுப் போய்க் கணக்கைப் பாரு" என்றார் பாக்கியமேரி அவர்கள்.

எழுபத்தேழாம் வருஷத்து வெள்ளத்தில் ஸ்கூலில் தங்கியிருந்த குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் அவர். அங்கிருந்தவர்கள் கேட்டார்கள் என்பதற்காக, ஈரப் புடவையோடு இதே கதையைப் பாடியவர் அவர்.

சென்ற மாதம் இதே மண்டபத்தில் பாடினார். மகளின் கடைசி வரி முடிந்தது. அவர் தலை சாய்ந்தது. எங்கள் முறை என்ன? தாயாகப் பாடியவர், மகளாகப் பாடியவரை அவருடைய சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "வந்துட்டேன்" என்று பதில் வரும்வரை மகளாகப் பாடியவரை யாரும் தொடக் கூடாது. அமிர்தம் அக்கா கூப்பிட்டார். திரும்பாமலே, குரலை மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். நாம் இத்தனை பேர் இருந்தோம். யார் தொட்டோம்? பாட்டுக்குள் இருக்கிறார் என்றே காத்திருந்தோம். ஆஸ்பத்திரியில், உடனே கொண்டுவந்திருந்தால் என்று சொல்ல வந்த டாக்டர், அக்னஸைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பெருமாள் சந்நிதியில் நிற்கிறேன், பாசுரம் வரவில்லை. அடுப்பை அணைச்சியா என்ற கேள்விதான் வருகிறது. அமிர்தம் அக்காவோ வீட்டில் தாயின் வரியைப் பாடுகிறார், பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார். நேற்று போயிருந்தேன். "அவ இன்னும் கரைக்குள்ளதான் நிக்கிறா. நான் கூப்பிடுறது அவளுக்கு எட்டல" என்றார்.

சகோதரிகளே, பாட்டைக் கைவிட மாட்டோம். தொடக் கூடாது என்ற முறையைக் கைவிடுவோம். இனிப் பாடுகிற இருவரும் எதிரெதிரே அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும். இது பாக்கியமேரி அவர்கள் பெயரால் நாம் எடுக்கும் உறுதி.

அக்னஸ், அந்தக் குரல் எங்களில் யாருக்கும் வரவில்லை. உனக்கு வருகிறது. முன்பு உன்னைப் பாடச் சொல்லிக் கேட்டபோது, "எங்கம்மாவைக் கொண்டுபோன எடத்துல என்னை உக்காரச் சொல்றீங்களா?" என்றாய். உன் கேள்வி நியாயம். வற்புறுத்த மாட்டோம். ஆனால், அமிர்தம் அக்காவுக்கு எதிரே ஒருமுறை உட்கார்ந்து மகளாகப் பாடி, அவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் "வந்துட்டேன்" என்று சொல்வாயா? முடியாதென்றால் அதையும் சொல்லிவிடு. அவர் காத்திருப்பதாவது நிற்கட்டும். எதுவானாலும் உன் பதிலைச் சீக்கிரம் சொல்லம்மா.