ஆறு மணி எலுமிச்சை

எலுமிச்சையின் தோலைச் சீவும்போது உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கத்தியோடு வந்துவிடக் கூடாது. வந்தால் கசக்கும். மஞ்சள் மட்டும் மெல்லிசாக வர வேண்டும். உன் அப்பாவுக்கு நான் அப்படித்தான் சீவினேன், அம்மா. ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை.

நீ என்னைக் கம்பவுண்டர் மாமா என்று கூப்பிடுவாய். முப்பத்தொரு வருடம் ஒரே மருத்துவமனையில் மருந்து கலந்தவன் என்பதால் இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். லிஃப்ட் பழுது பார்த்தவர் என்பதால் உன் அப்பா லிஃப்ட்காரர். அவர் போய் ஐந்து வாரம் ஆகிறது. வாக்குத் தவறிய மனிதர் என்ற நினைப்போடு நீ அவரை வைத்திருக்கக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

என் மனைவி இறந்த பிறகு ஆறு வருடம் சாயங்காலம்தான் எனக்குப் பெரும்பாடு. காலையை எப்படியாவது தள்ளிவிடலாம். பிரார்த்தனை, பால், செய்தித்தாள் என்று போய்விடும். ஆறு மணிக்கு மேல் வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் பேசும். ஒருநாள் லிஃப்ட் நின்றுபோய், முட்டி வலியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். மேல் மாடிக்குப் புதிதாக வந்திருந்த உன் அப்பா என் பையை வாங்கிக்கொண்டார்.

"எந்திரிங்க சார், தோள்ல கை போடுங்க. ஊரையே மேலயும் கீழயும் ஏத்தி இறக்குனவன், உங்கள ஏத்த மாட்டேனா?"

என் தோளை இன்னொரு மனிதர் தொட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று வீட்டுக்குள் வந்து எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் ஆறு மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். குடியை விட்டு மூன்று மாதம் ஆகிறது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடம் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால், பேத்தியோடு உன் வீட்டில் ஓர் அறை தருவதாக நீ சொல்லியிருந்தாய். அதற்காகச் சமையலறை நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தார். பயப்படாதீர்கள், வெறும் எலுமிச்சையும் மூலிகைச் சாறும்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்று அது உண்மையாகவே அவ்வளவுதான். இதை நீ மறக்கக் கூடாது.

அதன் பிறகு தினமும் வந்தார். உன் வீட்டு அறையைப் பற்றியே பேசுவார். ஜன்னல் எந்தப் பக்கம், பேத்தியின் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்றெல்லாம். "இன்னும் ஏழே மாசம் சார்" என்று ஒருநாள் விரலை நீட்டிக் காட்டினார். அவர் அடித்துக்கொண்டு வந்தது என் நாட்களையும்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கசப்பு மருந்தைக் குழந்தைகளுக்கு ஆரஞ்சு பாகில் மறைத்துக் கொடுப்போம். நாக்கை ஏமாற்றுவது எங்கள் தொழிலில் பாதி. பச்சை நிறத்தில் ஒரு மூலிகை மது கிடைக்கிறது. வாயில் வைத்தால் இருமல் மருந்து போலவே இருக்கும். வோட்காவுக்கு வாசனையே கிடையாது. மறுநாள் அவர் கோப்பையில் இரண்டும் கலந்து ஒரு தேக்கரண்டி. அடுத்த வாரம் இரண்டு. பழைய மருந்துப் பாட்டிலில் ஐஸோடு குலுக்கி வடிகட்டி, மேலே தோலை முறுக்கிப் பிழிவேன். அளவை ஏற்றினால் ஆளுக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும். சில மாதத்தில் எலுமிச்சையைவிட வோட்கா அதிகமாகிவிட்டது. இரண்டாவது, மூன்றாவது கோப்பையை அவரே கேட்டு வாங்கினார். உங்கள் மூலிகை உடம்புக்கு ஒத்துக்கொண்டது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று வாயாரப் புகழ்ந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நீ வந்து அவரைக் கட்டிப்பிடித்து மோந்து பார்ப்பாய். உன் மூக்குக்கு முன்னால் மோப்ப நாய் தோற்றுப்போகும் என்று அவருக்குப் பெருமை. ஒருமுறை நீ நெற்றியைச் சுருக்கினாய். "என்னப்பா, இருமல் மருந்தா? சளி புடிச்சிருக்கா?" மூவரும் சிரித்தோம்.

பதினோராவது மாதம், பழகிப் பார்க்கட்டும் என்று ஒரு வாரத்துக்கு அவரை உன் வீட்டுக்கு அழைத்தாய். ஆறு மணிக் கோப்பை இல்லாமல் ஒரு வாரம் இருந்தால் அவர் கை என்ன ஆகும் என்பது கம்பவுண்டருக்குத் தெரியாதா? தெரியும். அவர் பெட்டி கட்டியபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையிலேயே திரும்பிவிட்டார். தட்டில் தேநீர்க் கோப்பை கடகடவென்று அடித்துக்கொண்டதாம். பத்து வயதில் பார்த்த அதே நடுக்கம் என்று நீ சொன்னாயாம். கீழே லிஃப்ட் வாசலில் இறக்கிவிட்டு, மேலே வராமல் போய்விட்டாய்.

அன்று சாயங்காலம் அவர் கோப்பையைத் தொடவில்லை.

"சார், நீங்க சாமிக்குப் பயந்தவர். உண்மையச் சொல்லுங்க. இதுல ஏதாவது இருக்கா?"

"எலுமிச்சையும் மூலிகையும்தான். கடவுள் சாட்சி" என்றேன்.

வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் உடம்புதான் பொய் சொல்லுது" என்றார். பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார். நடுக்கம் நின்றது. மேலே போய், நாட்காட்டியில் அடித்திருந்த கோடுகளையெல்லாம் ரப்பரால் அழித்தார்.

அதற்குப் பின் பதினான்கு மாதம் ஒருநாள் தவறாமல் ஆறு மணிக்கு வந்தார். போவதற்கு அவருக்கு வேறு இடம் இல்லை. ஈரல் கெட்டுப் படுத்தபோது கஞ்சி ஊட்டினேன், நகம் வெட்டினேன், அவருக்காகப் பிரார்த்தனை செய்தேன். கடைசி இரண்டு நாள் உன்னைத்தான் கேட்டார். உன் எண் என்னிடம் இருந்தது. நீ வந்து அழுதால் அவர் களைத்துப்போவார் என்று தோன்றியது.

உன் அப்பா வாக்குத் தவறவில்லை, அம்மா. ஒவ்வொரு கோப்பையிலும் தெரிந்தே ஊற்றியவன் நான். யாரிடம் வேண்டுமானாலும் இதைக் காட்டு, நான் மறுக்க மாட்டேன். ஆனால் இந்தத் துக்கத்தை நீ தனியாகச் சுமப்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் ஞாயிறு ஆறு மணிக்கு வா. லிஃப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. நல்ல எலுமிச்சையாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.

உனக்கு வெறும் எலுமிச்சைதான். கடவுள் சாட்சி.