அறுபதடிக் குதிரைமசால்

– பூட்ஸைக் கழட்டாதே மெரில். வந்த விஷயத்தை வாசல்லயே சொல்லு.

– ஒரு வாய் காப்பி கூடக் கிடையாதாக்கா? ஆர்டிஸ் அக்கான்னா இந்த விஸ்கான்சின் பூரா உபசாரத்துக்குப் பேர் போனவன்னு நினைச்சேன்.

– ரெண்டு நாள் மழையில உன் சோள மேடு என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லு. அப்புறம் காப்பி.

– போச்சு. அரையடி ஆழம் போச்சு. அப்பா நமக்கு வச்சிட்டுப் போன கறுப்பு மண்ணு மொத்தமும் சரிவுல இறங்கிடுச்சு. மேல வெறும் களிதான் மிச்சம். அதுல அடுத்த வருஷம் சோளம் முளைக்குமான்னே தெரியல.

– ஓடையிலயா கலந்துச்சு?

– தெரியாத மாதிரி கேக்காதே. பாலத்துல நின்னு பார்த்துட்டுதான் வரேன். தண்ணி தெளிவா ஓடுது, மீன் நீந்துறது தெரியுது. மண்ணு பூரா நீ மாட்டுத் தீவனத்துக்குப் போட்டிருக்கிற குதிரைமசால்ல வந்து நின்னுடுச்சு.

– நின்னுச்சா, நிறுத்துச்சா?

– சரி விடு. நிறுத்துச்சு.

– இன்னொரு தடவை சத்தமா சொல்லு, தொழுவத்துல மாடுங்களும் கேக்கட்டும். சர்ச் மீன் விருந்துல அத்தனை பேர் முன்னாடி என்னைப் 'புல்லுக்காரி'ன்னு சொன்ன வாய்தானே அது?

– அந்த வாய்தான். தப்புதான். சரி விடு.

– விடமாட்டேன், கேட்டுக்கோ. அந்தப் புல்லோட வேரு உன்னைவிட உயரம்டா. ஒருதரம் விதைச்சா அஞ்சாறு வருஷம் கலப்பையே வேணாம். காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு மண்ணுக்குள்ள இறக்குது. அதை உழுதுட்டுச் சோளம் போட்டா அந்த வருஷம் உர மூட்டையைப் பிரிக்கிற வேலை இல்ல. என் மாடு கறக்கிற பாலும் அதுதான், தேனீ மொய்க்கிறதும் அதுலதான். எனக்குப் பெருமைதான். சொல்லிக்கத்தான் செய்வேன்.

– சொல்லிக்கோ, உனக்குத் தகும். இப்ப நான் கேக்க வந்ததுக்குப் பதில் சொல்லு. லோடரைக் கொண்டுவந்து அந்த மண்ணை அள்ளி மேட்டுக்கே ஏத்தணும். உன் பயிர் கொஞ்சம் நசுங்கும். அது அப்பாவோட மண்ணு அக்கா, மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே.

– அதை ஏன் என்கிட்ட கேக்கறே?

– உன் நிலத்துல கிடக்கு. உன்னைக் கேக்காம யாரைக் கேப்பேன்?

– நடுவுல இருந்த வேலியைப் பிடுங்கினோமே, ஞாபகம் இருக்கா?

– ஏன் இல்லாம? என் பெரிய டிராக்டர் திரும்பணும்னு ரெண்டு பேருமாத்தான் பிடுங்கினோம். ஆறு வருஷமா உன் பயிர் ஓரத்தைப் பார்த்துத்தானே நான் வண்டியைத் திருப்பறேன்.

– அதான் நீ பண்ணின தப்பு. வேலி போன அந்த வாரமே நான் குதிரைமசாலை உன் பக்கம் அறுபதடி ஏத்தி விதைச்சுட்டேன்டா மெரில். உன் மண்ணு உன் நிலத்தைத் தாண்டவே இல்ல. வா, உள்ள வந்து காப்பி குடி.