சக்கரத்தில் கட்டிய துணி

எஞ்சினில் தண்ணீர் ஒழுகுவது பெரிய வியாதியல்ல, இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் வீட்டுப் பின்கட்டில் பருத்தி அரைக்கும் எண்ணெய் எஞ்சின் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தீர்களே. அது கொதித்துப்போகாமலிருக்க, தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக அதைச் சுற்றி ஓடும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் எங்கோ கசிகிறது. குழாயைத் துடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். பறக்கிற பஞ்சு, ஈரமுள்ள இடத்தில் மட்டும் தாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். அங்கேயுள்ள குழாய் இணைப்பைக் கழற்றி, சணல் நூலில் சிவப்பு ஈயமும் எண்ணெயும் குழைத்துப் பூசி, சுற்றி முடுக்கினால் தீர்ந்தது.

இதை எனக்குக் காட்டித் தந்தவன் ஆவுடையப்பன்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பழுதுபார்க்க வந்தவன். அன்று மழை பிடித்துக்கொண்டதால் இராஜபாளையத்திலேயே, என் வீட்டில் தங்கினான். என் பெண்சாதி ஞானபாக்கியம் செத்தபிறகு இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆள் அவன்தான். பிள்ளையும் இல்லை எனக்கு. கூலியாட்கள் பொழுது சாய்ந்ததும் போய்விடுவார்கள். சுவரோடு பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தேன். அவன் இரண்டாம் தரம் குழம்பு கேட்டபோது சட்டியையே அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவன் போனபின் அந்த இணைப்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? அவனும் வந்தான். அப்புறமும் தளர்த்தினேன்; அப்புறமும் வந்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க எஞ்சினு பச்சப்புள்ள கணக்கா மூக்கு ஒழுகிக்கிட்டே கெடக்கு" என்று சிரிப்பான்.

"நீ பக்கத்துல இல்லன்னா அதுக்கு ஒடம்புக்கு ஆக மாட்டேங்குலே" என்பேன்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு, அதற்கு அடையாளமாக எஞ்சின்காரர் சக்கரத்தில் ஈரத்துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்தால்தான் குழாயில் கைவைப்பான். மற்ற ஊர்களில் துணி இருந்தாலும் தொட்டுப் பார்த்துக்கொள்வானாம். என் வீட்டில் தொட்டுப் பார்க்க மாட்டான். "அண்ணாச்சி கட்டுனா ஆறிருக்கும்" என்பான். என்னை அப்படி நம்பியவர்கள் வேறு யாரும் கிடையாது.

போன தை மாசம் வந்து, தூத்துக்குடி மில்லில் வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"போறதுக்கு முன்ன இந்த ஒழுகலுக்கு ஒரு முடிவு கட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி. பொறவு ஒங்களுக்கு நானே தேவப்படாது."

சந்தோஷமாகத்தான் சொன்னான். அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் தண்ணீர் போகிற, வருகிற இரண்டு அடைப்புத் திருகுகளையும் மூடினேன். உள்ளே நின்றுபோன தண்ணீர் செத்த நேரத்தில் கொதித்து உறுமியது. எஞ்சினை நிறுத்தினேன். துணியை நனைத்துச் சக்கரத்தில் கட்டினேன்.

அவன் வந்து துணியைப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எப்போதும் போல முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு இணைப்பைக் கழற்றினான்.

அவன் உயிருக்கு ஆபத்து வரக்கூடாதென்று அத்தனை சாமியையும் வேண்டினேன். வரவில்லை. கண்கள்தான் போயின. அவன் தாய் சுடலையம்மாள் என் காலில் விழுந்து, "எம்புள்ளயக் காப்பாத்துன தெய்வம்யா நீங்க" என்று அழுதாள். நானே வண்டி கட்டி மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டர் என்னைத் தனியே அழைத்து, ஒரு கண்ணை மீட்டுவிடலாம், புண் ஆறியதும் தாமதிக்காமல் திரும்பக் கூட்டிவாருங்கள் என்றார். வெளியே வந்து ஆவுடையப்பனிடம், "இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டார்லே" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவனை இங்கேயே வைத்துக்கொண்டேன்.

அந்த டாக்டரிடம் வேலை பார்க்கிற கம்பவுண்டர் ஊருக்கு வந்தவன், "ஏன் திரும்பக் கூட்டிவரவில்லை" என்று சுடலையம்மாளிடம் கேட்டிருக்கிறான். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கால தாமதமாகிவிட்டது, இனி அந்தக் கண்ணும் தேறாது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நான் அவனை ஒருநாளும் பட்டினி போட்டதில்லை. முள் எடுத்து மீன் ஊட்டுகிறேன். குளிப்பாட்டுகிறேன். சாயங்காலமானால் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். முன்னைப்போல அவன் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

குழாயை இப்போது நானே சரி செய்துவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகுவதில்லை.

உங்களோடு வருகிறேன். ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். வாசலில் அவன் தாய் வண்டியோடு நின்று, பிள்ளையைக் கொடு என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அவளைக் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். உள்ளே ஆவுடையப்பன் தூங்குகிறான். விழித்தால் பயந்துபோவான், பாவம், அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.