நாலாவது இடம்

— இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர் ஒரு பையன்கிட்ட, அப்பா என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டாரு சார். அவன் எழுந்து நின்னு, "அதுக்கு நாலு காலு, ரெண்டு கொம்பு, நமக்குப் பால் குடுக்கும்"னு இங்கிலீஷ்ல சொல்றான். ஹெட்மாஸ்டர் நீங்க, பக்கத்துல நின்னு தலையாட்டுறீங்க!

— கணீர்னு சொன்னானா இல்லையா? அதச் சொல்லுங்க டீச்சரம்மா.

— சார்!

— கோவப்படாதீங்க. முதல்ல உக்காருங்க. ஆபீசருக்கு வாங்கின டீ மிச்சம் இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள குடிங்க. சும்மா சொல்லக் கூடாது, இன்னிக்கு நம்ம ஸ்கூல் பேரு எங்கயோ போயிடுச்சு.

— எனக்கு டீ வேணாம். அப்புறம், பசு மாட்டப் பத்திச் சொல்லுன்னாரு. அடுத்த பொண்ணு, "காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ பிரஷ் பண்ணுவேன்"ங்குது. பல்ல எப்படிப் பாத்துக்குவேன்னு கேட்டா, "கிழக்குல உதிக்கும், மேற்குல மறையும்". சூரியன் எங்க உதிக்கும்னா, "எங்க மாமா வீட்டுல". என்னத்தச் சொல்ல!

— மாமா வீடுன்னு சொன்னப்ப எனக்கே சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. கைக்குட்டைய வச்சு இருமுற மாதிரி சமாளிச்சேன். ஆனா ஆபீசர் என்ன சொன்னாரு? ஒவ்வொருத்தனுக்கும் "வெரி குட்". ஒரு தடவையாவது முகம் சுளிச்சாரா?

— அவரு காதுலயே வாங்கல சார். கேள்வி அட்டையப் பாத்துப் படிச்சாரு, ஏதோ ஒரு சத்தம் வந்துச்சு, போதும்னு அடுத்ததுக்குப் போயிட்டாரு. அந்த அட்டையும் நீங்க எழுதிக் குடுத்ததுதான்.

— வேற யாரு எழுதுவா? வெளியாளு சும்மா ஒரு கேள்வி கேட்டா நம்ம புள்ளைங்க பேந்தப் பேந்த முழிக்கும். அதுக்குத்தானே வரிசை முறை? முதல் இடத்துல உக்காந்தவனுக்கு முதல் கேள்வி, ரெண்டாவது இடத்துக்கு ரெண்டாவது. ஆளுக்கு ஒரே ஒரு பதில், மனப்பாடம். ஆபீசர் முன்னாடி ஒரு வார்த்த தமிழ் வரக் கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லியிருந்தேன். வந்துச்சா? வரல! ரெண்டு மாசமா நீங்க ஒப்பிக்க வச்ச பலன்தானே?

— நானா வச்சேன்? வேணாம் வேணாம்னு உங்க கால்ல விழாத குறை! "தினம் ஒரு பீரியட் குடுங்க சார், தப்போ சரியோ அதுங்களே வாயத் திறந்து பேசட்டும்"னு ஸ்கூல் திறந்த நாள்லேருந்து கேக்குறேன். ஆபீசர் வந்துட்டுப் போகட்டும்னீங்க. இப்ப வந்துட்டுப் போயிட்டாரு. குடுங்க அந்த பீரியட.

— அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு.

— என்ன?

— நம்ம வரிசை முறை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மத்த ஸ்கூலுக்கும் கொண்டு போகணுமாம். அதச் சொல்லிக் குடுக்க உங்களத்தான் அனுப்பணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.

— விளையாடாதீங்க சார்.

— விளையாட்டா? சும்மா சொல்லக் கூடாது, பெரிய கௌரவம் டீச்சரம்மா இது.

— ஊர் ஊராப் போயி, பல்லு விளக்குற பசு மாட்ட வளக்கச் சொல்றீங்களா என்ன?

— நல்லா கிண்டல் பண்ணுங்க. போன வருஷம் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன்னு இருந்த இடத்துல இப்ப ஒரே செக்‌ஷன். மெயின் ரோட்டு பிரைவேட் ஸ்கூல் வேன் தெருத் தெருவா வந்து அள்ளிக்கிட்டுப் போவுது. அங்க புள்ளைங்க இங்கிலீஷ்ல நாலு வார்த்த ஒப்பிச்சதும் பெத்தவங்க பூரிச்சுப் போயிடுறாங்க. நாமளும் ஒப்பிச்சுக் காட்டலேன்னா, இத இழுத்து மூடிட்டு உங்கள ஒரு மூலைக்கும் என்ன ஒரு மூலைக்கும் தூக்கி அடிப்பாங்க. நான் என்ன, ஆசப்பட்டா இதெல்லாம் பண்றேன்?

— உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா இத்தன வருஷம் இங்கிலீஷ் படிச்ச புள்ளைக்கு, தாகமா இருக்குன்னு கேக்கத் தெரியல. வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியல. பசுவுக்கு எத்தன காலுன்னு மட்டும் தெரியுது. எனக்குப் பத்திக்கிட்டு வருது சார். அந்த வகுப்புல நெஜமாவே பேசுறது ஒரே ஒரு பொண்ணு. நாலாவது இடம். அவ இல்லாமத்தான் மொத்த வரிசையும் ஒண்ணு தள்ளிப் போச்சு.

— யாரு, நம்ம கேள்விக்குறியா?

— அவளேதான். காலைல பிரேயர்ல நல்லாத்தான் நின்னுக்கிட்டிருந்தா. ஆபீசர் உள்ள வரப்ப இடம் காலி. அவ கேள்வி அடுத்தவனுக்குப் போச்சு, அவன் தன் பதில எடுத்து விட்டுட்டான். எங்கன்னு உங்களக் கேக்கலாம்னா, ஆபீசர் என் பக்கத்த விட்டு நகரவே இல்ல.

— அவள நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

— நீங்களா? எதுக்கு?

— எதுக்கா? நேத்து ரிகர்சல்ல நான் ஆபீசரா உக்காந்து, உங்க அப்பா என்ன பண்றாருன்னு கேட்டேன். தச்சு வேலைன்னு சொல்லிட்டு உக்கார வேண்டியதுதானே? சொல்லிட்டு, "உங்க அப்பா என்ன பண்றாரு சார்?"னு திருப்பிக் கேக்குறா! அதே மாதிரி ஆபீசரக் கேட்டா என் கதி என்ன ஆகுறது?

— அதுதான் சார் பேச்சு! ஒருத்தர் கேட்டா நாமளும் கேக்கணும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம் அந்தப் பொண்ணு. அவளப் போயி எழுப்பி விட்டு, உங்க வரிசைய நீங்களே கலைச்சிருக்கீங்க.

— அந்த அவசரத்துல தோணல டீச்சரம்மா. ஒருத்தி போனா மத்ததுங்க பாத்து அனுசரிச்சுக்கும்னு நெனச்சேன்.

— என்ன பேசுறோம்னு தெரிஞ்சாத்தானே அனுசரிக்க முடியும்?

— சரி விடுங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கார்ல ஏறப் போறப்பகூட, ஸ்டோர் ரூம் ஜன்னல் கிட்டப் போயி, "வெரி குட், வெரி குட்"னு கையாட்டினாரு. நான் வாசல் கேட்டுகிட்ட நின்னு பாத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சது வீண் போகல.

— சுவத்தப் பாத்தா கையாட்டுவாரு?

— பெரிய ஆபீசரு. அவருக்கு எது பிடிக்கும்னு யாரு கண்டா?

— சார், அந்தப் பொண்ண எங்க அனுப்பினீங்க? வீட்டுக்கா?

— வீட்டுக்கு எதுக்கு? ஸ்டோர் ரூம்ல பெஞ்சு கிடக்கே, அங்க உக்காந்திரு, கார் போனதும் கிளாசுக்கு வந்துடுன்னேன்.

— கார் போயி எவ்வளவு நேரமாச்சு! கிளாசுல அவ இல்லையே.

— வந்திருப்பாளே... டீச்சரம்மா, ஒரு நிமிஷம். அந்தக் கதவு காத்துல டமார் டமார்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும். பழக்க தோஷத்துல நான் வெளித் தாழ்ப்பாள...

— போட்டுட்டீங்களா? ஐயோ, நகருங்க சார்!

— ஓடாதீங்க, நானும் வரேன். படி இருக்கு, பாத்து!

— கண்ணு! உள்ள இருக்கியாடா?

— டீச்சர்!

— இதோ திறந்துடுறேன். இந்தத் தாழ்ப்பாள் வேற துருப்பிடிச்சு... நின்னு பாக்காதீங்க சார், பிடிச்சு இழுங்க! ம், வந்துடுச்சு. வாடா, வெளிய வா. பாருங்க, சட்டையெல்லாம் வேர்வையில நனஞ்சு போச்சு. ஏன்டா கத்தல? ஒரு சத்தம் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே.

— ஆபீசர் இருக்கறப்ப கத்தக் கூடாது, தமிழ்ல ஒரு வார்த்த வரக் கூடாதுன்னு சார் சொன்னாரு டீச்சர்.

— அது... அது கிளாசுக்குள்ளம்மா.

— அதான் இங்கிலீஷ்ல சொன்னேன் சார்.

— யாருகிட்டடா சொன்ன?

— ஆபீசர்கிட்ட. ஜன்னல்லேருந்து கூப்பிட்டேன், கிட்ட வந்தாரு. கதவ வெளில சாத்திட்டாங்க, எனக்குப் பயமா இருக்கு, தயவுசெஞ்சு திறந்து விடுங்கன்னு சொன்னேன் டீச்சர். அவசரப்படாம, நிறுத்தி நிறுத்தி, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே.

— அவரு என்ன சொன்னாரு?

— "வெரி குட், வெரி குட்"னு கையாட்டிட்டுக் கார்ல ஏறிட்டாரு. நான் தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?