நாகூரைவிடப் பக்கம் சிங்கப்பூர்

தஞ்சாவூரிலிருந்து நாகூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்துப் பெரியவர் மடியில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. பக்கத்தில் நாகூரில் கடை வைத்திருக்கும் பாய்.

"நாகூரவிட சிங்கப்பூர் பக்கம் பாய்," என்றார் பெரியவர். நான் படித்துக்கொண்டிருந்ததை மூடிவிட்டேன்.

"எப்படிங்க?"

"காலைல கெளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற ஊருக்குத்தான் எங்க வீட்டுல பொண்ணு குடுப்போம். மாப்பிள்ளைக்கு சிங்கப்பூர்ல வேலைன்னதும் வேணாம்னுட்டேன். அப்புறம் டிக்கெட்டப் பாத்தா, அங்க பத்து மணிக்கு ஏறுனா திருச்சில பன்னெண்டுக்குள்ள எறக்கிவுட்டுடுறான். ரெண்டு மணி நேரம்கூட இல்ல! இந்த பஸ்ஸு அதுக்கு மேல ஆக்குது."

பாய் போனை எடுத்துத் தட்டினார்.

"மூவாயிரம் கிலோமீட்டர் காட்டுதுங்க. பறக்கவே நாலு மணி நேரத்துக்கு மேல."

"டிக்கெட்டுல போட்டிருந்துச்சே?"

"ஏறுறது அவங்க நேரம், எறங்குறது நம்ம நேரம். அங்க கடிகாரம் ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுதுல்ல. இங்கேருந்து போற டிக்கெட்டப் பாத்தீங்களா?"

"அதக் காட்டலையே."

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

"யாரு, மாப்பிள்ளையா காட்டுனாரு?"

"எம் பொண்ணு. கணக்குப் போட்டுச் சொன்னதும் அவதான்." பெரியவர் மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல்ல கணக்கு டீச்சர் பாய் அவ."